புதன்கிழமைக் கப்பல்

அந்தக் கப்பல் தொடரை நான் முதல் வாரத்திலிருந்து பார்த்தவள் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கிளம்பி அரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எத்தனையோ கிரகங்களில் இறங்கி ஏறி, வழி தவறி வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தி. நகரில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீடும் அப்படித்தான். எனக்கு முன்பே அங்கே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. யார் எங்கே உட்கார வேண்டும், எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அங்கிருந்த இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அந்த இரண்டு பேர் என் கணவரும் அவருடைய அம்மாவும். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவருக்குப் பாண்டி பஜாரில் சின்னத் துணிக்கடை. மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவையை வைத்துக்கொண்டு ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பார்க்கப் போனவள் நான். நாலு தரம் போயும் அந்த மனிதரால் அதே நிறத்தில் ஒரு துணி எடுத்துக் கொடுக்க முடியவில்லை. ஐந்தாவது தரம் போனபோது துணியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. நான் பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம், கத்தோலிக்கப் பெண். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுத்தான் கல்யாணம். என் அம்மா ஒரு வாரம் குப்பமே கேட்கக் கத்தித் தீர்த்துவிட்டு, எட்டாம் நாள் ஒரு முழு வஞ்சிர மீனைக் கொடுத்தனுப்பினாள். மாமியார் அதை வாங்கிக் குழம்பு வைத்தார், சாப்பிட்டார், "மீனு நல்ல மீனுதான்" என்று சட்டியிடம் சொன்னார்.

ஆமாம், சட்டியிடம். என் மாமியார் என்னோடு பேச மாட்டார். திட்டியதில்லை, முறைத்ததில்லை, சோறு போடாமல் இருந்ததில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சாமானிடம் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். காலையில் செம்பைப் பார்த்து, "ஆபீசுக்குப் போறவங்களுக்கு நேரமாச்சு" என்பார். மழை வந்தால் கதவைப் பார்த்து, "கொடியில கிடக்கிற துணிய எடுக்கப்பட்டவங்க எடுக்கட்டும்" என்பார். முதல் வாரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த அம்மாளுக்கு ஏதாவது கோளாறா என்றுகூட நினைத்தேன். கணவரைக் கேட்டால் சிரித்தார். "எங்க ஊருல இப்படித்தான். பேச்சு நின்னுபோன ரெண்டு வீடு பத்து வருசம் கிணத்து உருளைகிட்டயே சேதி சொல்லிக் குடித்தனம் நடத்தும்" என்றார். அவருக்கென்ன, அவரிடம் நேராகத்தானே பேசுகிறார்!

எனக்கு அது பொறுக்கவில்லை. என் அம்மா கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவள். கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் கட்டுமரத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும், கால் மணியில் தீர்ந்தும் போகும். இப்படிச் செம்புக்கும் கதவுக்கும் நடுவில் எட்டு மாதம் குடித்தனம் செய்ய நான் என்ன பாவம் செய்தேன்? எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். "நீ" என்று அவர் வாயால் என்னைப் பார்த்து ஒரு தரம் சொல்ல வேண்டும். திட்டுவதானாலும் சரி, "நீ" என்று ஆரம்பித்துத் திட்டட்டும் என்று இருந்தேன். அதற்காக நான் போடாத வேஷமில்லை. வேண்டுமென்றே ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டேன். அவர் ரசத்தைப் பார்த்து, "கை தவறிட்டு போல" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

கீழ்த் தளத்தில் வீட்டுக்கார மாமி இருந்தார். மெட்ராசுக்கு டெலிவிஷன் வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, எங்கள் தெருவில் அந்த ஒரு வீட்டில்தான் இருந்தது. கால் வைத்த மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற கதவு, கதவுக்குப் பூட்டு. மாமி சாவியை இடுப்பில் செருகியிருப்பார். புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டு என் மாமியார் கீழே போய்விடுவார். ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் ஏதோ யோசனையோடு மேலே வருவார். நான் போவதில்லை. நந்தனத்தில் ஓர் ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு, பஸ்ஸில் தொங்கி வந்து, இன்னொருத்தர் வீட்டுக் கூடத்தில் போய்க் குந்துவதற்கு என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை வீடு பூட்டியிருந்தது. சாவி மாமியாரிடம். வேறு வழியில்லாமல் கீழே போய்க் கூடத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டிக்குள் கறுப்பு வெள்ளையில் ஒரு கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் சிலர் பித்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கமாகக் கண்ணாடிப் பெட்டி ஒன்று, அதற்குள் நரைத்த தலையோடு ஒரு வயதானவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ" என்றார் மாமி. "ஆனா நடுவுல வந்தேள்னா ஒண்ணும் புரியாது."

"அது யாரு, பெட்டிக்குள்ள?" என்றேன், பொதுவாக.

மாமி பதில் சொல்வதற்குள் என் மாமியார், தலையைத் திருப்பாமல், டெலிவிஷனைப் பார்த்தபடியே சொன்னார்: "பிந்தி வந்தவங்களுக்கு அதை ஒரு வார்த்தையில சொல்லிர முடியுமா? அது பெரிய கதைல்லா."

அடேயப்பா! எட்டு மாதத்தில் என் காதுபட அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அதுவும் குரலில் ஒரு துடிப்பு, சொல்லிவிட வேண்டும் என்கிற ஆசை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இதுதான் வழி, பிடித்துக்கொள் என்று மனசு சொன்னது. பிந்தி வந்தவளுக்கு முன்கதை தெரியாது. தெரியாதவளுக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

மறுநாள் சாயங்காலம் அவர் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தபோது நானும் எதிரில் போய் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். கீரையைப் பார்த்து, "அந்தக் கப்பல் எங்கேயிருந்து கிளம்பிச்சோ?" என்றேன். அவர் கீரையிடம் சொல்லத் தொடங்கினார். ஒரு மாதம் சொன்னார். கீரை இல்லாத நாளில் புளி, புளி இல்லாத நாளில் அரிசி. நானும் எதையாவது ஆய்ந்துகொண்டே கேட்டேன். அந்த மாதம் எங்கள் வீட்டு அரிசியில் ஒரு கல் இருந்திருக்காது.

"கப்பலை ஓட்டுதவன் மூத்தவன். பக்கத்துல பித்தானை அமுக்கிக்கிட்டே இருக்கானே, அவன் இளையவன். ஒரு வயித்துல பொறந்தவனுகதான், ஆனா பேச்சுவார்த்தை செல்லாது. வேலை விசயம்னா மட்டும் பேசுவானுக" என்று ஆரம்பித்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டரம்மா இளையவனின் மனைவி. அதனால்தான் மூத்தவன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவு மரியாதை. சுவரில் விளக்கு மின்னி மின்னிப் பேசுகிற இயந்திரம் ஜோசியப் பெட்டி. எந்தக் கிரகத்தில் இறங்கலாம், எதில் இறங்கினால் தோஷம் என்று அதுதான் சொல்லும். அடுத்த புதன்கிழமையே மூத்தவன் டாக்டரம்மாவின் தோளில் கையைப் போட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமியார் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். மறுநாள் கீரையிடம், "பாவம், அவளுக்குத் தலைசுத்தல். விழுந்துரப்படாதேன்னு பிடிச்சான்" என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவர்தான் கதைக்கே ஆதாரம். "அது அவனுக அப்பா" என்றார், கீரை உருவுவதை நிறுத்திவிட்டு. "போன எடத்துல செத்துப்போயிட்டாவ. ஊருக்குக் கொண்டு போயிக் கொள்ளி வைக்கணும்லா? அதுக்குத்தான் இந்தப் பிள்ளைக இவ்வளவு பாடுபடுதானுக. போற எடத்துல எல்லாம், இங்கனயே இருந்துருங்க, வீடு தாரோம், காடு தாரோம்னு சொல்லுதாங்க. இருப்பானுகளா? அப்பாவை வச்சுக்கிட்டு எப்படி இருக்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கதை அந்தப் படத்துக்கு அப்படியே பொருந்தியது. அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்து தெரியாது. மாமிக்கும் தெரியாது. தெரிந்த மாமா அந்த நேரத்துக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஆக, அந்தக் கூடம் முழுக்க என் மாமியாரின் கதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக யாராவது வந்தால் மாமியே, "அது தோப்பனார், காரியம் பண்ணக் கொண்டுபோறா" என்று விளக்கிவிடுவார். நானும் இரண்டு மாதம் அதைத்தான் பார்த்தேன். அந்த இரண்டு மாதத்தில் மாமியாருக்கும் எனக்கும் நடுவில் இருந்த கீரைக்கட்டு ரொம்பச் சின்னதாகிவிட்டது. சில நாள் அவர் கண் கீரையிலிருந்து கிளம்பி என் மூக்குவரை வந்து திரும்பிப் போகும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காத்திருக்க முடிந்ததா?

நான் கான்வென்ட்டில் படித்தவள், ஆங்கில ஆபீசில் டைப்பிஸ்ட். ஆனால் அந்தக் கப்பல்காரர்கள் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிப் பேசினார்கள். எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை. அது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. எனவே சுருக்கெழுத்து நோட்டுப் புத்தகத்தைக் கீழே எடுத்துப் போனேன். காதில் விழுந்ததை விழுந்தபடி கோடும் கொக்கியுமாக எழுதிக்கொண்டு, மறுநாள் பஸ்ஸில் படித்துப் படித்துப் புரிந்துகொண்டேன். நாலைந்து வாரத்தில் காது பழகிவிட்டது. ஒரு புதன்கிழமை மூத்தவன் கண்ணாடிப் பெட்டியருகே வந்து ஏதோ கேட்டான். டாக்டரம்மா பதில் சொன்னாள். நான் எழுதினேன், எழுதியதைப் பார்த்தேன், துள்ளி எழுந்துவிட்டேன்.

"அவரு சாகவே இல்ல!" என்றேன், எங்கள் கடற்கரைக் குரலில். "நாடி நல்லாத் துடிக்குதாம். அவரு அப்பாவும் இல்ல, அந்தக் கப்பலைக் கட்டின இன்ஜினியர். இவங்க அண்ணன் தம்பியும் இல்ல, வேலைக்கு வந்தவங்க. அவருக்கு ஏதோ நோய். மருந்து கிடைக்கிற வரைக்கும் குளுர்ல தூங்க வச்சிருக்காங்க, அவ்வளவுதான்! இதோ, எழுதி வச்சிருக்கேன்."

"அட ராமா!" என்றார் மாமி. "இத்தனை நாளா நாம பொணம்னுன்னா நெனச்சுண்டிருந்தோம்!"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி. என் மாமியார் சிரிக்கவில்லை. எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். படம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. அவர் படியேறிப் போய்விட்டார்.

கடை அடைத்துவிட்டு வந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றியபடியே அப்படியே நின்றுவிட்டார். "உனக்கு எங்கப்பா விசயம் நான் சொல்லலையோ?" என்றார். அவருடைய அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர் என்று தெரியும். இவருக்கு மூன்று வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார் என்றும் தெரியும். இறந்தது கொழும்பில் என்பது தெரியாது. தந்தி வந்து, பாஸ்போர்ட்டுக்கும் கப்பலுக்கும் ஆள் பிடிப்பதற்குள், கூட வேலை பார்த்தவர்கள் அங்கேயே எல்லாம் செய்து முடித்துவிட்டார்கள். மாமியார் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஐயோ, என் வாயில் மண்ணை அள்ளிப் போட! யாருமில்லாத வானத்தில் இரண்டு பிள்ளைகள் அப்பாவை ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள், மாமியாரும் புதன்கிழமை தவறாமல் கூடவே போய்க்கொண்டிருந்தார். நான் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி அதைக் கெடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் அழுத அழுகையில் கணவர் பயந்துபோனார்.

மறுநாளிலிருந்து மாமியார் செம்பிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். கதவிடமும் இல்லை, கீரையிடமும் இல்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்கு முன்பு அவர் என்னிடம் எவ்வளவு பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டு, கழுவின தண்ணீரை என் காலடியிலேயே ஊற்றினாள்.

"இன்னாடி பெரிய இங்கிலீசு? அந்தம்மா மனசுல இன்னா கீதுன்னு உனக்குத் தெரில, கப்பல்ல போறவன் இன்னா பேசிக்கினு போறான்னு மட்டும் தெரிஞ்சிச்சா?"

"எனக்கு யாரும் சொல்லலியேம்மா."

"நீ கேட்டியா? வாய் மட்டும் இம்மாம் நீளம் கீது. போ, போயி அவுங்களாண்ட குந்து. அவுங்க பேசலன்னா நீ பேசு."

அடுத்த புதன்கிழமை மாமியார் கீழே போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. நான் மட்டும் போனேன். பார்த்துவிட்டு மேலே வந்ததும், அவர் அரிசி புடைக்கிற இடத்துக்கு எதிரில் ஆட்டுரல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, நடந்ததையெல்லாம் ஆட்டுரலிடம் சொன்னேன். இப்போது கதையை விட்டுவிட்டவர் அவர், சொல்ல வேண்டியவள் நான். மூத்தவர் என்றேன், இளையவர் என்றேன், டாக்டரம்மாவை இளையவர் பெண்டாட்டி என்றேன். ஜோசியப் பெட்டி இன்றைக்குப் பொய் சொல்லிவிட்டது, பாழாய்ப் போன கிரகத்தில் இறங்கச் சொல்லிவிட்டது என்றேன். கண்ணாடிப் பெட்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் சுளகை நிறுத்தவில்லை. ஆனால் விறுவிறுப்பான இடம் வரும்போது சுளகின் சத்தம் குறையும். குறைந்ததா இல்லையா என்று கேட்டுக்கொண்டே கதை சொன்னேன். இப்படி ஐந்து வாரம் போனது.

ஆறாவது வாரம் கப்பலில் ஏதோ பழுது. குளிர் நின்றுபோய், கண்ணாடிப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். மருந்து இன்னும் கிடைத்திருக்கவில்லை. வெறும் பாறையும் மணலுமாக இருந்த ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கினார்கள். பெட்டியைத் திறந்தார்கள். எல்லாரும் சுற்றி மண்டியிட்டார்கள். மூத்தவன் தலைமாட்டில், இளையவன் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா நெற்றியைத் தடவிக்கொண்டு. அவர் கண்ணைத் திறந்தார். மூத்தவனைப் பார்த்தார். உதடு அசைந்தது.

அந்த இடத்தில் படம் அலை அலையாகப் போய், தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டை வந்து நின்றது.

மாமி, "போச்சுடா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அட்டை நகரவே இல்லை. யாரோ மொட்டைமாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்பினார்கள். ஆன்டெனாவில் குற்றமில்லை, டெலிவிஷன் நிலையத்திலேயே கோளாறு. நான் அட்டையைப் பார்த்துக்கொண்டு, மருந்து கொடுத்துவிடுங்கள், எப்படியாவது பிழைக்க வைத்துவிடுங்கள் என்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன். படம் திரும்பி வந்தபோது பெட்டி காலியாக இருந்தது. பாறைகளுக்கு நடுவே ஒரு மண் மேடு. மூத்தவன் குனிந்து கையால் மண்ணை அள்ளிப் போட்டான். பிறகு ஒவ்வொருவராகக் கப்பலில் ஏறினார்கள். கப்பல் மேலே போகப் போக அந்த மேடு சின்னதாகிக்கொண்டே வந்து தெரியாமல் போனது. நோட்டுப் புத்தகத்தில் நான் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.

"உங்க மாமியாருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா" என்றார் மாமி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "கார்த்தால நானே மாடிக்கு வந்து பக்குவமாச் சொல்றேன், நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்கோ."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் படியேறினேன். மாமியார் வழக்கமான இடத்தில் சுளகோடு உட்கார்ந்திருந்தார். நான் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்குக் கப்பல் ஒரு..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழ ஆரம்பித்துவிட்டேன்.

சுளகு நின்றது.

"ஏட்டி" என்றார். "என்னட்டி ஆச்சு? நீ எதுக்கு அழுத? ஆபீசுல எவனும் ஏதும் சொன்னானா?"

எட்டு மாதமும் அதற்கு மேலும் நான் தவமிருந்த சொல். அது வந்ததுகூட அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. தலையை ஆட்டினேன்.

"இல்ல அத்தை. கப்பல்ல. அவரு..."

"யாரு? பெட்டிக்குள்ள இருந்தவியளா?"

"போயிட்டாரு அத்தை. கண்ணைத் திறந்தாரு, மூத்தவரைப் பார்த்தாரு. அப்புறம் போயிட்டாரு. ஊருக்குக் கொண்டு போக முடியல. அங்கேயே வச்சிட்டு வந்துட்டாங்க."

பக்குவமாவது ஒன்றாவது. போட்டு உடைத்துவிட்டேன். அவர் ரொம்ப நேரம் சுளகில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"அப்ப நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். உசிரோடதான் இருந்திருக்காவ" என்றார். அப்படி ஒரு சரி எனக்கு வேண்டவே வேண்டாமாக இருந்தது.

"பக்கத்துல யாரு இருந்தா?"

"எல்லாரும் இருந்தாங்க அத்தை."

"எல்லாரும்னா? ஒவ்வொரு ஆளாச் சொல்லு."

சொன்னேன். மூத்தவர் தலைமாட்டில் இருந்தார், இளையவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், இளையவர் பெண்டாட்டி நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். மூத்தவர் தன் கையாலேயே மண் போட்டார். மாமியார் ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்துக்கொண்டே கேட்டார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தாகத்துக்குத் தண்ணி குடுத்தாவளா?"

அந்த நேரத்தில்தானே அட்டை வந்து மறைத்தது. கொடுத்தார்களோ இல்லையோ, எனக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாது.

"குடுத்தாங்க அத்தை" என்றேன். "ஒரு குவளையில மூத்தவர்தான் குடுத்தாரு. அவரு குடிச்சாரு."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழிந்தது வழிந்தபடி இருந்தது.

"எனக்குக் கொழும்புலருந்து ஒரு தந்திதான் வந்துது" என்றார். "பார்த்தேன்னு வந்து சொல்ல ஒரு ஆளு இல்லட்டி."

நான் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார். "மெதுவாச் சொல்லு."

நான் தண்ணீர் கொடுத்த இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.